நாயின் முரசைப் பாருங்கள்

மரவள்ளித் தோட்டத்துக்குள் பன்றி இறங்காமல் இரவிரவாகக் குரைத்த நாய், இரண்டு நாளாகச் சோறு தின்னாமல் கொட்டில் மூலையில் சுருண்டு கிடக்கிறது. நஞ்சு ஏதும் தின்றிருக்கும் என்று விட்டுவிடுகிறோம். விடுமுன் அதன் மேலுதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். முரசு வெளிறி, உடம்பும் கொதித்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

பபேசியா என்னும் மிக நுண்ணிய ஒட்டுண்ணி, உண்ணி கடிக்கும்போது நாயின் இரத்தத்தில் சேர்கிறது. செங்குருதிக் கலங்களுக்குள் பெருகி அவற்றை உடைக்கிறது. சில நாய்களுக்குச் சலம் தேயிலைச் சாயம்போலப் போகும். எமது நாய்களிலும் காணப்படும் பபேசியா கிப்சோனி என்ற வகையை, 1910இல் பற்றன் என்பவர் சென்னை வேட்டை நாய்களின் இரத்தத்தில் கண்டு விபரித்தார். உண்ணி பரப்பும் எர்லிக்கியா வேறு நோய். அது ஒரு பக்டீரியா. அதில் சிலவேளை மூக்கால் இரத்தம் வடியும். எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மட்டும் பபேசியாவைத் தீர்க்காது. ஆகவே அயலவர் சொன்ன குளிசையை வாங்காமல், மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் இரத்தத்தைச் சோதிப்பியுங்கள். மனிதருக்குரிய காய்ச்சல் குளிசையும் வேண்டாம்.

நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டுக்குத் திரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கபில நிற நாயுண்ணி, இரத்தம் குடித்தபின் கீழே விழுந்து சுவர் வெடிப்பிலும் கதவிடுக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். வளர்ந்த உண்ணி பல மாதம் பட்டினி கிடந்தும் சாகாது. ஆளில்லா வீட்டில் உண்ணி இராது என்று நினைப்பது தவறு. நாயைக் கட்டுமுன் வெடிப்புகளைக் களிமண்ணால் பூசி, பழைய சாக்குகளை எரித்துவிடுங்கள்.

பபேசியா நாயின் உடலில் ஏறுவதற்குப் பெரும்பாலும் உண்ணி இரண்டு மூன்று நாள் ஒட்டியிருக்க வேண்டும். எனவே தினமும் பின்னேரத்தில் காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் தேடுவது வீண்வேலையல்ல. தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து, சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியை நாயில் பூசுவோரும் உண்டு. அது நாயைக் கொல்லும். பூசுபவரின் கையையும் சும்மா விடாது.

கிப்சோனி, நாய்ச் சண்டையில் படும் கடிகாயத்தாலும் தொற்றும். மருந்தால் காய்ச்சல் விட்ட பின்னும் இரத்தத்தில் ஒளித்திருக்கும். சில கிழமைகளுக்குப்பின் முரசு மறுபடியும் வெளிறினால், முன்பு எழுதிக்கொடுத்த துண்டையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.