குழலின் வாயில் ஒரு தடை

1000 கஜம் என்பது 914 மீட்டர். அவ்வளவு தொலைவிலுள்ள குறியை, மேசைமேல் மணல் பைகளில் கிடத்திய துப்பாக்கியால் அமர்ந்தபடி சுடுவதே நெடுந்தூர 'பெஞ்ச்ரெஸ்ட்' போட்டி. குறியில் பட்டால் மட்டும் போதாது. குண்டுகள் நெருக்கமாக விழவேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், வில்லியம்ஸ்போர்ட் நகரில் 1967-இல் தொடங்கிய சங்கத்தை இவ்விளையாட்டின் தாய்வீடு எனலாம்.

இங்கு இலகுவகைத் துப்பாக்கி 17 பவுண்டைத் தாண்டக்கூடாது. எடை குறைந்தால் உதை கூடும். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம் அல்லவா? உதைக்கு அஞ்சி உடல் துணுக்குற்றால் குண்டு விலகிவிடும். ஆகவே பலர் குழலின் வாயில் 'மஸில் பிரேக்' எனும் துளையிட்ட உலோகத் துண்டைத் திருகிக்கொள்கின்றனர். குண்டைத் தொடர்ந்து சீறும் வாயுவை அது பக்கவாட்டில் திருப்பிவிட, உதை தணிகிறது. அதன் எடையும் 17 பவுண்டுக்குள் அடங்கவேண்டும்.

சிக்கல் பக்கத்து மேசைக்காரருக்குத்தான். திரும்பிய வாயுவும் வெடியொலியும் அவர்மீது அறைகின்றன, அதுவும் அவர் விசையை அழுத்தும் நொடியில்!

தரையில் படுத்துச் சுடும் 'எஃப்-கிளாஸ்' போட்டியில் இக்கருவிக்கு இடமே இல்லை. அங்கே திறந்த பிரிவில் 10 கிலோ வரை எடை உண்டு. உதையை எடையே தாங்கிக்கொள்ளட்டும் என்பது போலும். எடை வரம்பு துப்பாக்கிக்கு இட்டது. இந்தத் தடையோ அயலாரின் செவிக்காக இட்டது என்றே எனக்குப் படுகிறது. அனுமதியுள்ள திடல்களிலோ காதடைப்பானுக்கு மேல் செவிக்கவசமும் அணிந்துதான் அமர்கிறார்கள்.