கொஞ்சம் வோல்ட்... நிறைய வில்லங்கம்!

மே மாசத்து மதிய வெயில், ஏ.சி. இல்லாத மாடி ரூம், கூட ஒரு கம்ப்யூட்டர். இதை வெச்சுக்கிட்டு பிராசஸரை ஓவர்க்ளாக் பண்ணத் துடிக்கிற இன்ஜினீயரிங் பசங்களை திருநின்றவூர் பக்கம் நிறையவே பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கின வேகத்துக்கு மேல ஓசியில கொஞ்சம் வேணும்... அவ்வளவுதான் மேட்டர்!

ஆசை ஒண்ணும் புதுசு இல்லை. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பை, பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாத்தி, 450 மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டாங்க. பாதி விலையில முழு விருந்து! இப்போ கம்பெனிக்காரங்களே ‘டர்போ’ங்கிற பேர்ல முடிஞ்சவரைக்கும் பிழிஞ்சுட்டுத்தான் விக்கிறாங்க. நமக்கு மிஞ்சுறது கொசுறு. அந்தக் கொசுறுக்கு நாம கொடுக்கிற விலைதான் வோல்டேஜ்.

வேகத்தை ஏத்தினா சிப் தடுமாறும். தடுமாறாம இருக்க வோல்டேஜை ஏத்தணும். இங்கதான் கணக்கு இடிக்குது. மின்சக்தி, வேகத்தோட நேரா ஏறும்; வோல்டேஜோட வர்க்கமா ஏறும். 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கி, வேகத்தை வெறும் 5 சதவிகிதம் கூட்டினா, சூடு சுமார் 27 சதவிகிதம் எகிறும். ரூமும் சும்மா இருக்காது. ஏ.சி. ரூம்ல 24 டிகிரி, நம்ம மாடியில 36 டிகிரின்னா, அந்த 12 டிகிரியும் அப்படியே சிப் மேல ஏறும். லோக்கல் ட்ரெயின் பிடிச்சு ரிச்சி ஸ்ட்ரீட் போய் எவ்வளவு பெரிய கூலர் வாங்கிட்டு வந்தாலும், ரூமை விடக் குளிர்ச்சியா அதால ஆக்க முடியாது பாஸ்.

அடுத்த குழப்பம்... ‘பயாஸ்ல 1.30 வெச்சேன், கேம் ஓடும்போது 1.24 காட்டுதே, போர்டு போச்சா?’ போகலை. தெருக்கோடி வீட்டை யோசிச்சுப் பாருங்க. ராத்திரி எல்லா வீட்டுலயும் ஏ.சி. போட்டா, கடைசி வீட்டு ட்யூப்லைட் கண் சிமிட்டும். லோடு ஏறினா வோல்டேஜ் இறங்கும். அதேதான் இங்கேயும். வேணும்னுதான் அப்படி டிசைன் பண்ணியிருக்காங்க.

இதைச் சரிக்கட்ட ‘லோட் லைன் காலிப்ரேஷன்’னு ஒரு செட்டிங் உண்டு. உடனே அதை உச்சத்துல வைக்கிற வீரர்கள் இருக்காங்க. தெருவுல எல்லாரும் ஒரே நேரத்துல ஏ.சி.யை அணைச்சா கரன்ட் சட்டுனு எகிறுமே, அது மாதிரி லோடு விலகுற நொடியில சிப்புக்குள்ளே வோல்டேஜ் துள்ளும். சாஃப்ட்வேர் மீட்டர்ல அந்தத் துள்ளல் தெரியவே தெரியாது. நடு லெவல்ல வைங்க, போதும்.

இனி நோய் கண்டுபிடிக்கிற வேலை. டெஸ்ட் ஆரம்பிச்ச உடனே ப்ளூ ஸ்க்ரீனா? பெரும்பாலும் வோல்டேஜ் பத்தலை. இருபது நிமிஷம் நல்லா ஓடிட்டு விழுதா? சூட்டைப் பாருங்க. சும்மா இருக்கும்போது ஹேங் ஆகுதா? லோடு இல்லாதப்போ கிடைக்கிற வோல்டேஜ் குறைச்சல். ப்ளூ ஸ்க்ரீனே வராம பொசுக்குனு அணைஞ்சா, எஸ்.எம்.பி.எஸ். மேலயும் வீட்டு கரன்ட் மேலயும் சந்தேகப்படுங்க. இதுக்கெல்லாம் முன்னாடி, ரேமை சாதாரண வேகத்துக்கு இறக்கிடுங்க. பாதி வழக்குல குற்றவாளி அதுதான், பழி மட்டும் பிராசஸருக்கு!

ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். 100 மெகாஹெர்ட்ஸ் ஏத்து, டெஸ்ட் பண்ணு, நோட்டுல எழுது. மனசுக்குள்ளேயே கோயில் கட்டின பூசலார் நாயனார் நம்ம ஊர்க்காரர்தான். ஆனா வோல்டேஜ் கணக்கை மனசுக்குள்ள வெச்சுக்கிறது அவர் ரேஞ்சு ஆளுங்களுக்கு மட்டும்.

நிஜமா பயப்பட வேண்டியது ப்ளூ ஸ்க்ரீனுக்கு இல்லை. ஹேங்கே ஆகாம, சத்தமில்லாம தப்பான விடை சொல்ற சிப்புக்கு. பகா எண் தேடப் பிறந்த ‘பிரைம்95’ இதுல கில்லாடி. தெரிஞ்ச விடையோட ஒப்பிட்டு, தப்பு வந்தா உடனே சொல்லிடும். அதுல ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த செட்டிங்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சிமுலேஷனை ஓட்டாதீங்க. கேம் போனா திரும்ப ஆடலாம், ரிசல்ட் டேபிள் தப்பா இருந்தா வைவால யார் பதில் சொல்றது?

கம்பெனிகளே இதுல அடி வாங்கியிருக்கு. 2023-ல் ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில கருகினதும், எஸ்ஓசி வோல்டேஜை 1.3-க்கு மேல விடாம பயாஸ் அப்டேட் வந்தது. 2024-ல் இன்டெலின் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள், ஓவர்க்ளாக் பண்ணாதவங்க கையிலயும் தடுமாறின. சிப் தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டதுதான் காரணம்னு கம்பெனியே ஒப்புக்கிட்டு, 1.55 வோல்ட்டுக்கு மேல கேக்காதபடி ஆகஸ்ட்ல மைக்ரோகோட் கொடுத்தது. வாரன்ட்டியையும் ரெண்டு வருஷம் நீட்டிச்சது. ஆனா, ஏற்கெனவே தேஞ்ச சிப்பை எந்த அப்டேட்டும் பழையபடி ஆக்காது.

இந்த ரக சிப் வெச்சிருக்கிறவங்க, மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல பயாஸை அப்டேட் பண்ணுங்க. மத்தவங்க, டிசம்பர்ல பாஸான செட்டிங்கை மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாருங்க!