ஏலத்தில் போன ஐஸ் அவுஸ்

சென்னை திருவல்லிக்கேணி கடற்கரைச் சாலையில், வட்ட வடிவ முகப்புடன் ஒரு பழைய மாடிக் கட்டிடம் நிற்கிறது. அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். ஊரார் வாயில் அது "ஐஸ் அவுஸ்." பல கை மாறிய வீடு இது. ஒரு முறை ஏலத்துக்கும் வந்தது!

கப்பலில் வந்த ஐஸ்

1842-ம் ஆண்டு இதைக் கட்டியவர் பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி. குளிர்காலத்தில் அமெரிக்க ஏரிகள் உறைந்துவிடும். அந்த ஐசைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் சென்னைக்கு அனுப்பினார். உருகியது போக மீதி, இந்தக் கட்டிடத்தில் பத்திரப்படுத்தப்பட்டது.

பிறகு இந்தியாவிலேயே எந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கினார்கள். டியூடரின் வியாபாரம் படுத்தது. கிடங்கு விலைக்கு வந்தது.

வக்கீல் வாங்கினார்

ஐகோர்ட்டு வக்கீல் பிலிகிரி அய்யங்கார் அதை வாங்கினார். ஐஸ் கிடங்கில் மனிதர் குடியிருக்க முடியுமா? காற்று வர ஜன்னல்கள் வைத்தார். வராந்தாக்கள் கட்டினார். கிடங்கு, வீடு ஆனது. தம் நண்பரான நீதிபதி கெர்னன் பெயரால் "கேசில் கெர்னன்" என்று அழைத்தார்.

1897 பிப்ரவரி 6-ந் தேதி சுவாமி விவேகானந்தர் சென்னை வந்தார். இளைஞர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவருடைய வண்டியைத் தாங்களே இழுத்து வந்தார்கள். இந்த வீட்டில் 9 நாள் தங்கினார். சென்னையில் ஒரு மடம் வேண்டும் என்று அன்பர்கள் கேட்டார்கள். அவர் அனுப்பிய சுவாமி ராமகிருஷ்ணானந்தர், இந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் மடத்தை நடத்தினார்.

ஏலம்

பிலிகிரி அய்யங்கார் காலமானார். 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தது. வேண்டியவர் யாராவது எடுத்தால் மடம் இருக்கும். இல்லாவிட்டால்? அன்பர்கள் தவித்தார்கள். ராமகிருஷ்ணானந்தரோ ஒரு பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். குருநாதருக்கு ஓர் அறை போதும், தாம் எங்கும் இருப்பேன் என்றார்.

வேறொருவர் வீட்டை எடுத்தார். மடம், அதே வளாகத்தில் இருந்த சிறிய வெளிவீட்டுக்கு மாறியது. 1907-ல் மைலாப்பூரில் சொந்தக் கட்டிடம் கிடைத்தது.

விதவைகளுக்கு நிழல்

1917-ல் ஐஸ் அவுசை அரசாங்கம் வாங்கியது. சகோதரி சுப்பலட்சுமி, இளம் விதவைகளை அங்கே தங்கவைத்துப் படிக்க வைத்தார். மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்கள், ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

1963-ல் அரசாங்கம் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் வைத்தது. 1997-ல் ராமகிருஷ்ண மடத்திடம் குத்தகைக்குக் கொடுத்தது. ஏலத்தில் இழந்த வீட்டுக்கு, 91 ஆண்டு கழித்து மடம் திரும்பி வந்தது!