"அரண்மனைக்கு இன்னைக்கு லீவு சார்!" - பாங்காக்கில் ஏமாந்த சென்னை அண்ணாச்சி

சென்னை-
கள்ள நோட்டைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். தராசில் 5 கிராம் குறைந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கோடம்பாக்கத்தில் 30 வருடமாக மளிகைக்கடை நடத்துகிறவர். அப்பேர்ப்பட்ட அண்ணாச்சியிடம் பட்டப்பகலில் 42 ஆயிரம் பாட் கறந்துவிட்டார்கள். நம்ம ஊர்ப் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல்!

கத்தி இல்லை. மிரட்டல் இல்லை. எல்லாம் சிரித்துப் பேசியே!

"பேரைப் போட்டுடாதீங்க தம்பி. மார்க்கெட்ல தலைகாட்ட முடியாது" என்று கேட்டுக்கொண்டு அவர் சொன்ன விவரம் வருமாறு:-

டீலர் டூர்

சரக்கு அதிகம் விற்ற கடைக்காரர்களை ஒரு கம்பெனி 4 நாள் தாய்லாந்துக்கு அழைத்துப் போனது. அண்ணாச்சிக்கு அதுதான் முதல் விமானப் பயணம். மூன்றாம் நாள் அவரவர் இஷ்டம் என்று விட்டார்கள். மற்றவர்கள் துணிமணி வாங்கப் போனார்கள். அண்ணாச்சி மட்டும் அரண்மனையைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினார்.

பாங்காக் அரண்மனை 1782-ல் கட்டத் தொடங்கியது. மரகத புத்தர் கோவில் அதற்குள்ளேதான் இருக்கிறது. சுற்றிலும் வெள்ளை மதில். மதிலின் மொத்த நீளம் சுமார் 1,900 மீட்டர். டூரிஸ்டுகள் நுழைகிற வாசல் ஒரே பக்கம்தான். வேறு பக்கம் போய் இறங்கியவன் கொளுத்துகிற வெயிலில் மதிலை ஒட்டி நடக்க வேண்டியதுதான்.

அந்த மதிலோரம்தான் வலை விரிக்கிறார்கள்.

முதல் "நல்லவர்"

அயர்ன் செய்த சட்டை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. அண்ணாச்சியைப் பார்த்ததும் அந்த ஆசாமி முகமெல்லாம் சிரிப்பு.

"இண்டியா? ஷாருக்கான்!" என்று கை குலுக்கினார். தான் ஒரு ஸ்கூல் வாத்தியார் என்றார். பிறகு வருத்தமான முகத்தோடு, "அரண்மனைக்கு இன்னைக்கு மத்தியானம் வரை லீவு சார். பிட்சுகள் பூஜை நடக்குது" என்றார்.

அண்ணாச்சிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"கவலைப்படாதீங்க. அதுவரைக்கும் வேற கோவில் பாருங்க" என்று சொல்லி, மேப்பில் 3 இடங்களை வட்டம் போட்டுக் கொடுத்தார். கை தட்டி ஒரு டுக்-டுக்கை அழைத்தார். நம்ம ஆட்டோ மாதிரி வண்டி. எல்லா இடமும் சுற்றிக்காட்ட மொத்தமே 20 பாட்! அதாவது ஒரு டீ, ஒரு பன் காசு.

"பெட்ரோலுக்கே பத்தாதேன்னு எனக்குத் தோணிச்சு தம்பி. வியாபாரி புத்தி. ஆனா சல்லிசா கிடைக்குதேன்னு வாயை மூடிக்கிட்டேன்" என்கிறார் அண்ணாச்சி.

இரண்டாவது "நல்லவர்"

டுக்-டுக் ஒரு சின்னக் கோவிலில் நின்றது. உள்ளே கூட்டமே இல்லை. ஒரே ஒருவர் மட்டும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கும்பிட்டு முடித்து அவரே பேச்சுக் கொடுத்தார். தான் ஒரு வக்கீல் என்றார்.

"இன்னைக்குக் கடைசி நாள் தெரியுமா? வருஷத்துக்கு ஒரு தடவை கவர்மெண்டே வரி இல்லாமல் கல் விற்கிறது. நான் வாங்கிட்டேன். வெளிநாட்டில் ரெண்டு மடங்கு விலைக்குப் போகும்" என்றார்.

முதல் ஆளும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்தது கூட இல்லை. அப்படித்தான் அண்ணாச்சி நினைத்தார். அண்ணாச்சி விழுந்த இடம் இதுதான். ஒருவன் சொன்னால் சந்தேகம் வரும். சம்பந்தமே இல்லாத இன்னொருவன் வந்து ஒத்து ஊதினால் நம்பிக்கை வந்துவிடும்.

டுக்-டுக் டிரைவர் மூன்றாவதாகத் தலையை ஆட்டினார். நேரே நகைக்கடை வாசலில் கொண்டுபோய் இறக்கினார்.

கடைக்குள்ளே

குளுகுளு ஏ.சி. குடிக்க ஜில்லென்று ஜூஸ். கண்ணாடிப் பெட்டியில் நீலக்கல். "சர்டிபிகேட்" தயார்.

அண்ணாச்சிக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். "ரெண்டு கல்லை மகளுக்கு மோதிரம் பண்ணிடலாம். மீதியை வித்தா போட்ட காசு வந்துடும்னு கணக்குப் போட்டேன்" என்கிறார். கார்டைத் தேய்த்தார். ரகசிய நம்பரையும் அவரே போட்டார்.

ஊர் திரும்பி, தெரிந்த நகைக்கடைக்காரரிடம் காட்டினார். அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கல் அசல்தான் அண்ணாச்சி. ஆனா மட்ட ரகம். 15 ஆயிரம் ரூபாய் கூடப் பெறாது."

பேங்கில் போய்க் கேட்டார். "நீங்களே நம்பர் போட்டு வாங்கியிருக்கீங்களே சார்" என்று கைவிரித்துவிட்டார்கள்.

சூட்சுமம் இதுதான்

கல் போலியாக இருந்தால் "போலி" என்று புகார் கொடுக்கலாம். இங்கே கல் அசல். விலைதான் பொய். அதனால்தான் இந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது குதிரைக் கொம்பாக இருக்கிறது. சில கடைகளில் கல்லை அங்கேயே பார்சல் கட்டி ஊருக்குத் தபாலில் அனுப்பிவிடுவார்கள். வேறு கடையில் காட்டி விலை கேட்கக் கூடாதே!

தாய்லாந்து அரசு "இன்று ஒருநாள் மட்டும்" கல் விற்பனை எதையும் நடத்துவதில்லை. வரி இல்லாத தனிச்சலுகை என்பதும் கப்சா. அந்தத் திட்டத்தில் சேர்ந்த கடைகளில் விதிப்படி பொருள் வாங்கும் எந்த டூரிஸ்டும் விமான நிலையத்தில் வரியைத் திரும்பக் கேட்கலாம்.

டுக்-டுக் டிரைவர் 20 பாட்டுக்கு ஓட்டியது தர்மத்துக்கு அல்ல. ஆள் பிடித்துக் கொண்டுவந்தால் கடையில் பெட்ரோல் கூப்பனோ கமிஷனோ கிடைக்கும். கோட்டு சூட்டு தைக்கிற கடைகளிலும் இதே கதைதான்.

இது நேற்று முளைத்த மோசடி அல்ல. பல பத்து வருடங்களாக நடக்கிற நாடகம். ஆள் மாறும். வசனம் மாறாது.

பட்டாயாவில் வேறு டெக்னிக்

பட்டாயா கடற்கரையில் தண்ணீரில் ஓடும் ஜெட் ஸ்கீ வண்டியை வாடகைக்கு விடுகிறார்கள். அரை மணி நேரம் ஜாலியாகச் சுற்றிவிட்டு வந்தால், வண்டியின் அடியில் ஒரு கீறலைக் காட்டுவார்கள். "நீதான் பண்ணினே. நஷ்டஈடு எடு" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுத்திருந்தால் தீர்ந்தது கதை!

நம்ம ஊரில் இல்லையா?

தாய்லாந்துக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே உண்மையிலேயே உதவுகிறவர்கள் ஏராளம். அண்ணாச்சி வழி தெரியாமல் நின்றபோது ஹோட்டல் வாசல் வரை கூடவே நடந்து வந்து விட்டுப்போனதும் ஒரு தாய்லாந்துப் பெண்தான்.

குற்றச்செய்தி எழுதுகிறவனுக்கு இந்தக் கதை பழக்கமானது. "பாட்டி, அந்தத் தெருவில கொலை நடந்திருக்கு. நகையைக் கழற்றிப் பேப்பர்ல மடிச்சு வையுங்க" என்று சொல்லி அபேஸ் செய்கிற போலி போலீசும் நல்லவன் வேஷம்தான் போடுகிறான். பேங்க் வாசலில் "சார், உங்க பணம் கீழே கிடக்குது" என்பவனும் உதவி செய்கிற மாதிரிதான் வருகிறான்.

உண்மையில் உதவுகிறவன், நாம் கேட்டால் வருவான். மோசடிக்காரன், கேட்காமலே வருவான். வித்தியாசம் அவ்வளவுதான்.

கத்தரித்து பர்சில் வையுங்கள்

* அரண்மனை வழக்கமாக தினமும் காலை 8-30 முதல் மாலை 3-30 வரை திறந்திருக்கும். அரச குடும்பச் சடங்கு நாட்களில் மட்டும் மூடுவது உண்டு. எதுவானாலும் டிக்கெட் கவுண்டர் வரை போய்க் கேளுங்கள். தெருவில் சொல்வதை நம்பவேண்டாம்.

* அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் போட்டுப் போகாதீர்கள். உள்ளே விடமாட்டார்கள். "டிரெஸ் சரியில்லை, வா" என்று அழைக்கவும் ஒரு ஆசாமி காத்திருப்பான்.

* மெட்ரோ ரயிலில் சனாம் சாய் ஸ்டேஷனில் இறங்கினால் அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம். டாக்சி என்றால் மீட்டர் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த வண்டி.

* கல், நகை வாங்கும் எண்ணமே இல்லாமல் போனவர், வாங்காமலே திரும்பி வாருங்கள். "இன்னைக்கே கடைசி" என்று யார் சொன்னாலும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து முடிவு செய்யுங்கள்.

* ஜெட் ஸ்கீ, பைக் எடுக்குமுன் வண்டியைச் சுற்றி செல்போனில் வீடியோ எடுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் அடமானம் வைக்காதீர்கள். அதன் நகலும் போட்டோவும் தனியாக இருக்கட்டும்.

* தகராறு என்றால் டூரிஸ்ட் போலீஸ் நம்பர் 1155. அங்கே இருக்கும்போதே போன் செய்யுங்கள். விமானம் ஏறிவிட்டால் வேலை நடக்காது.

கடைசியாக ஒன்று

அண்ணாச்சி இந்த விஷயத்தை இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை. கல்லாப்பெட்டியின் அடியில், சில்லறை டப்பாவுக்குக் கீழே, அந்தக் கற்கள் காகிதப் பொட்டலத்தில் கிடக்கின்றன.

"பின்னே எங்கிட்ட மட்டும் ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

எதிர்க் கடையைக் கண்ணால் காட்டினார். "அடுத்த மாசம் அவன் போறான் தம்பி, அதே கம்பெனி டூர்ல. நேர்ல சொல்ல வெட்கமா இருக்கு. நீங்க எழுதுங்க. சாயங்காலம் கடையில உட்கார்ந்து உங்க பேப்பரைத்தான் படிக்கான்."