கணக்கில் வராத மோட்டார்

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. கிணற்றில்தான் தெரியும். 1969இல் நிலத்தடியில் உப்பு ஏறியிருந்தது கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். 1980களில் அது 9 கிலோமீட்டர். கடல் புதிதாக எதுவும் செய்துவிடவில்லை. நாம்தான் இறைத்தோம். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர் இருப்பதை 1960களின் இறுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட ஆய்வு காட்டிக்கொடுத்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாகக் குழாய்க் கிணறுகள் இறங்கின. உழவர்களின் கிணறுகளோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன.

ஏன் இவ்வளவு வேகம்? ஒரு கனமீட்டர் நல்ல தண்ணீரின் எடை 1000 கிலோ. கடல்நீர் ஏறத்தாழ 1025 கிலோ. அந்த 25 கிலோவில் இருக்கிறது சங்கதி. லேசான நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. 1000ஐ 25ஆல் வகுத்தால் 40. அதாவது, கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை உப்பு அண்டாது. டச்சு ராணுவப் பொறியாளர் கெய்பெனும் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் ஒருவரையொருவர் அறியாமல் நூற்றுச்சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ட கணக்கு இது. திருப்பிப் படித்தால் வயிறு கலங்கும்: கிணற்று மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடியில் உப்பு 40 மீட்டர் எழும்ப வழி திறக்கிறது.

ஆனால் இது அசையாமல் நிற்கும் தண்ணீருக்கான கணக்கு. மீஞ்சூரில் தண்ணீர் நிற்பதில்லை. மேலே ஒரு மணல் அடுக்கு, நடுவில் களிமண், கீழே இன்னொரு மணல் அடுக்கு. ஐப்பசி மழை இறங்குகிறது, மோட்டார்கள் இழுக்கின்றன, எண்ணூர்க் கழிமுகத்தில் ஓதம் ஏறி இறங்குகிறது. இத்தனையையும் சேர்த்துப் பார்க்கக் கணினிதான் வழி. நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, மீதி இவ்வளவு என்று மளிகைக் கடை நோட்டுப்போல நாள் நாளாக எழுதிக்கொண்டே போக வேண்டும்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1984இல் வெளியிட்ட மோட்ஃப்ளோ இதைத்தான் செய்கிறது. எல்லாத் தண்ணீருக்கும் ஒரே எடை என்று அது தொடக்கத்தில் வைத்துக்கொண்டது. உப்பின் கனத்தையும் சேர்க்கப் பின்னால் சீவாட் வந்தது. வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ். கணக்கையும் வரைபடத்தையும் ஒரே திரையில் இணைக்க ஐரோப்பிய ஒன்றிய நிதியில் 2015 முதல் 2017 வரை உருவானது ஃப்ரீவாட். எதற்கும் காசு கிடையாது. நிரலைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம். கிராஸ் என்ற வரைபட மென்பொருளிலும் நிலத்தடி நீரோட்டத்துக்கு ஒரு கருவி உண்டு. அது உப்பின் கனத்தைக் கணக்கில் எடுக்காததால், அடியிலிருந்து எழும்பும் உப்பைப் பார்க்க உதவாது.

மென்பொருள் இலவசம் என்றதும் வேலை முடிந்ததுபோல ஒரு நிம்மதி வருகிறதே, அங்கேதான் சிக்கல். முதல் பள்ளம், நில உயரம். விண்கலத்திலிருந்து எடுத்த இலவச உயர வரைபடத்தில் சில மீட்டர் பிழை சகஜம். மலைநாட்டில் அது பொருட்டில்லை. இங்கே ஒரு மீட்டரை 40ஆல் பெருக்குகிறோம்! கிணற்று வாயின் உயரத்தைத் திரையில் பார்த்து எழுதினால் கடல் எங்கே என்பதே மாறிவிடும். வெயிலில் நின்று லெவல் எடுக்கத்தான் வேண்டும்.

இதைவிடப் பெரிய பள்ளம் மோட்டார். இந்த நோட்டிலேயே பெரிய செலவு, இறைத்த தண்ணீர். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம், பெரும்பாலும் மீட்டர் இல்லை. எனவே எவ்வளவு இறைத்தோம் என்பது யாருக்கும் தெரியாத எண். சுற்றுவழி ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் நெல் நிற்கும் கழனிகளை க்யூஜிஐஎஸ்ஸில் பிரித்தெடுத்து, ஒரு போகத்துக்கு 1200 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஏக்கருக்கு ஏறத்தாழ 48.5 லட்சம் லிட்டர். அதில் மழை கொடுத்தது எவ்வளவு, கழனியிலிருந்து திரும்ப மண்ணுக்குள் இறங்கியது எவ்வளவு? அதுவும் ஊகம்தான்.

ஊகம் தப்பினால் கணினி மாதிரி காட்டிக்கொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இறைப்பைக் கூட்டிப் போட்டுவிட்டு, மழையில் ஊறும் அளவையும் கூட்டினால் போதும். கணினி வரைந்த கோடு கிணற்றில் அளந்த மட்டத்தோடு அழகாகப் பொருந்திவிடும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். அந்தப் படத்தைக் காட்டி, ஆற்றில் தடுப்பணை கட்டினால் உப்பு இத்தனை ஆண்டில் பின்வாங்கும் என்று ஒருவர் சொன்னால், அதைக் கேட்பதற்குமுன் அவர் இறைப்புக் கணக்கைக் கேட்பேன்.

இதற்கிடையே, மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனுள்ள ஆலை 2010இல் திறக்கப்பட்டது. அங்கே உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் மீட்டர் உண்டு. பக்கத்துக் கழனியில் மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தாலும், ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார் ஆளில்லாமலேயே ஓடத் தொடங்கும்.