பிரெட்டன் உட்ஸும் சூலூர்த் தறியும்

சூலூரைத் தாண்டிச் சோமனூர்ப் பக்கமாக எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தாலும், மின்சாரம் இருக்கும் வேளையெல்லாம் விசைத்தறிகளின் இடைவிடாத ஓசை காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஓட்டுக் கூரையின் கீழே வரிசையாக நிற்கும் தறிகளுக்கு நடுவே, ஓராள் மட்டுமே நடக்கக்கூடிய சந்தில் வந்துகொண்டிருக்கும் தொழிலாளி, பாவில் ஓர் இழை அறுந்ததைக் கண்ட மாத்திரத்தில் தறியை நிறுத்தி, அறுந்த நுனிகளை விரல்களுக்கிடையே பிடித்து முடிச்சிட்டு, மீண்டும் ஓடவிட்டுவிட்டு அடுத்த தறிக்குப் போய்விடுகிறார். நாம் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது. ஜவுளி உற்பத்தியாளர் கொடுத்த பாவு நூலைக் கூலிக்கு நெய்து தரும் இந்தத் தறிக்கூடங்களிலிருந்து புறப்படும் காடாத் துணி, சலவையும் சாயமும் கண்டு, பல கை மாறி, படுக்கை விரிப்பாகவும் உடையாகவும் கடல் கடந்து போகிறது. அதற்கு எந்தத் துறைமுகத்தில் எவ்வளவு தீர்வை என்பதற்கும், தறிக்காரருக்கு மீட்டருக்கு என்ன கூலி கிடைக்கும் என்பதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஆகையால், ஜினீவாவில் எழுதப்படும் உலக வர்த்தக விதிகள் சூலூர் வட்டாரத்து மக்களுக்குச் சோற்றைப் பற்றிய விஷயமே ஆகும்.

உலகத்துக்குச் சக்கரவர்த்தி என்று ஒருவர் கிடையாது. ஒவ்வொரு ராஜ்யமும் தன் எல்லைக்குள் தானே தலைமை என்று சொல்லும்போது, ராஜ்யங்களுக்கிடையே எழும் வழக்கைத் தீர்ப்பது யார் என்ற கேள்விக்கு மனிதகுலம் கண்ட விடைதான் சர்வதேச ஸ்தாபனங்கள். நொய்யலிலிருந்து வாய்க்கால் வழியே குளத்துக்கு நீர் வரும் ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மேலே உள்ள ஊர் மடையை அடைக்காமலே வைத்திருந்தால் கீழே உள்ள குளம் நிரம்பாது. முறை வைத்து நீர் விட எல்லா ஊராரும் ஒப்பிய ஏற்பாடு ஒன்று வேண்டும். அதைப் பேசும் கூட்டத்தில் கடைமடைக்காரனுக்கும் உட்கார இடம் வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். 1892-இல் கோயமுத்தூரில் பிறந்து, கொச்சி சமஸ்தானத்தின் திவானாக விளங்கி, பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியாகி, 1947 நவம்பர் 26-ஆம் தேதி அதன் முதல் வரவுசெலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்த ஆர். கே. சண்முகம் செட்டியாரே அவர். தமிழிசைக்காகப் பாடுபட்ட ரசிகர் என்று அவரைத் தமிழுலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால், 1944 ஜூலையில், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பிரதேசத்தில், பிரெட்டன் உட்ஸ் என்ற இடத்தில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் ஒரு பெரிய ஹோட்டலில் மூன்று வாரம் கூடியிருந்து, சர்வதேச நிதியத்தையும் உலக வங்கியையும் படைத்தார்களே, அங்கே அவரும் அவருடைய சகாக்களும் நடத்திய வாதம் நம் ஜில்லாவிலேயே பலருக்குத் தெரியாது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

இந்தியா அப்போது அடிமை நாடு. இரண்டாம் உலக யுத்தத்தின் பிற்பகுதியில் நம் சூலூர் விமான தளமே பிரிட்டிஷ் கடற்படையின் உபயோகத்தில் இருந்தது. பிரெட்டன் உட்ஸுக்குச் சென்ற இந்தியப் பிரதிநிதிக் குழுவின் தலைவர் ஜெரமி ரெய்ஸ்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி, சி. டி. தேஷ்முக்கும் ஏ. டி. ஷ்ராஃபும் சண்முகம் செட்டியாரும் அதில் அங்கத்தினர்கள். யுத்தத்துக்காக இந்தியாவிலிருந்து தானியத்தையும் துணியையும் இன்னும் எத்தனையோ பண்டங்களையும் எடுத்துக்கொண்ட பிரிட்டன், அவற்றுக்குரிய பணத்தைக் கையில் கொடுக்காமல் லண்டனில் இந்தியாவின் பேரில் வரவு வைத்துக்கொண்டே போயிற்று. யுத்தம் முடிவதற்குள் அந்தப் பாக்கி 100 கோடி பவுனைத் தாண்டிவிட்டது. தன் ஜனங்கள் அரைவயிறு உண்டு சேர்த்த அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது, நாம் விரும்பிய நாட்டில் செலவிடக்கூடிய நாணயமாகப் புதிய நிதியம் மாற்றித்தர வேண்டும் என்று இந்தியா கேட்டது. அது எங்களுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கணக்கு, நாங்களே பேசித் தீர்த்துக்கொள்வோம் என்ற கருத்தில் பிரிட்டனின் சார்பாகக் கீன்ஸ் பிரபு மறுத்துவிட்டார். கோரிக்கை தோற்றது. ஆயினும், ஏழை நாடுகளின் உற்பத்தி வளம் பெருக வேண்டும் என்று இந்தியர்கள் வற்புறுத்திய கருத்தின் சாயல், நிதியத்தின் நோக்கங்களைக் கூறும் முதல் ஷரத்தில் இன்றும் இருக்கிறது.

இன்னொரு வாதம் பங்கைப் பற்றியது. நிதியத்தில் யாருக்கு எவ்வளவு பங்கோ, அநேகமாக அவ்வளவுக்கே வாக்கு. அமெரிக்காவுக்கு 275 கோடி டாலர், பிரிட்டனுக்கு 130 கோடி, சீனாவுக்கு 55 கோடி என்று வகுத்தபோது, இந்தியாவுக்குக் கிடைத்தது 40 கோடி. இது போதாது என்று நம்மவர்கள் அன்றே முறையிட்டார்கள். இன்றோ, முக்கியமான தீர்மானங்களுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும் என்ற விதி இருக்க, அமெரிக்காவிடம் மட்டும் 16 சதவீதத்துக்குமேல் வாக்கு இருப்பதால், அந்த ஒரு நாடு தலையசைக்காமல் அங்கே பெரிய காரியம் எதுவும் நடவாது. இந்தியாவின் பங்கு இன்றும் 2.75 சதவீதந்தான். ஜனத்தொகையில் முதலிடத்தில் உள்ள நாட்டுக்கு இது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வர்த்தகத்தில் இதே கதை வேறு விதமாக நடந்தது. 1974 முதல், பணக்கார நாடுகள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி வாங்குவது என்று அளவு கட்டிவைத்திருந்தன. திருப்பூரில் பழைய வியாபாரிகள் இன்றும் ‘கோட்டாக் காலம்’ என்று சொல்லும் அந்த ஏற்பாடு, 1995-இல் உலக வர்த்தக ஸ்தாபனம் தோன்றிய பிறகு படிப்படியாகத் தளர்ந்து, 2005 பிறந்தபோது ஒழிந்தது. அதற்கிடையே, 1997-இல், இந்தியப் படுக்கை விரிப்புகள் சொந்த ஊர் விலைக்கும் குறைவாக விற்கப்படுகின்றன என்று சொல்லி ஐரோப்பிய சமூகம் தனித் தீர்வை விதித்தது. அவர்கள் போட்ட கணக்கைக் கவனியுங்கள். ஒரு ரகத்தை ஊர் விலையைவிட 10 ரூபாய் குறைத்தும், இன்னொரு ரகத்தை 10 ரூபாய் கூட்டியும் விற்றவருக்குக் குறைவும் கூடுதலும் கழிந்துபோக வேண்டும் அல்லவா? குறைந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, கூடியதைப் பூஜ்யமாக எழுதிக் குற்றம் காட்டினார்கள். இந்தியா வழக்குத் தொடுத்தது. 2001 மார்ச்சில் ஸ்தாபனத்தின் மேல்முறையீட்டு அமைப்பு, அந்தக் கணக்கு முறை தவறு என்று தீர்ப்பளித்தது. பலசாலிகளின் பேரேட்டைப் பிரித்துப் பார்த்து, கூட்டல் பிழை இருக்கிறது என்று சொல்ல ஒரு நடுவர் இருந்தார் என்பதுதான் படுக்கை விரிப்பு விற்கும் கரூர் வியாபாரிக்கும் அவருக்குப் பின்னால் நிற்கும் நம் தறிக்காரருக்கும் அதனால் கிடைத்த பெரும் லாபம்.

அந்த நடுவர் இப்போது இல்லை. உலக வர்த்தக ஸ்தாபனத்தில் எதையும் எல்லோரும் ஒருமனப்பட்டே செய்ய வேண்டுமாதலால், புதிய நியமனங்களுக்கு அமெரிக்கா இசைய மறுத்துவந்ததில், 2019 டிசம்பரில் அமர்வுக்கு வேண்டிய மூன்று பேர்கூட மிஞ்சாமல் அமைப்பு முடங்கியது. தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் போதும், தீர்ப்பு கிடப்பில் போய்விடும். 2025 ஆகஸ்டில் இந்தியப் பண்டங்களில் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீதத் தீர்வை விதித்து, திருப்பூர் ஆர்டர்களை நம்பியிருந்த வீடுகளில் கலக்கம் புகுந்தபோது, கணக்கைப் பிரித்துப் பார்த்து முடிவு சொல்ல ஜினீவாவில் ஆள் இல்லை. குறையுள்ள ஸ்தாபனமானாலும் அது செயல்படுவதே எளிய நாடுகளுக்குப் பாதுகாப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். பங்கைக் கேட்டுச் சண்முகம் செட்டியார் காலத்தில் தொடங்கிய வழக்கோடு, நடுவரைக் கேட்கும் வழக்கையும் டில்லி விடாமல் நடத்த வேண்டும். மேல்முறையீட்டு அமைப்பில் கடைசியாக மிஞ்சியிருந்தவரின் பதவிக் காலம் 2020 நவம்பர் 30-இல் முடிந்தது. அன்று முதல் அதன் 7 நாற்காலிகளும் காலியாகக் கிடக்கின்றன.