மூச்சைக் கவனிக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

கைப்பேசிச் செயலி, அலுவலகத்தின் மனிதவளத் துறை, பள்ளி ஆசிரியர், மனநல மருத்துவர் என இன்று பலரும் ஒரே பயிற்சியைப் பரிந்துரைக்கிறார்கள்: மூச்சு வருவதையும் போவதையும் கவனியுங்கள். இதன் முக்கிய ஊற்றுகளில் ஒன்று, பாலி மொழிப் பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் பத்தாவதாக உள்ள சதிபட்டான சுத்தம் என்ற உரை. உடல், இன்பதுன்ப நுகர்வு, மனநிலை, மனத்தில் எழுபவை ஆகிய நான்கையும் உற்று அறியச் சொல்கிறது அது. நடப்பது, உண்பது, ஆடை உடுத்துவது, பேசுவது, மௌனமாக இருப்பது எல்லாமே அதில் பயிற்சிக்களம்தான்.

இதற்குத் தமிழில் பழைய தடம் உண்டு. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பௌத்தத்தின் பன்னிரு சார்புகளைச் சொல்லும் மணிமேகலை, நுகர்வுக்குப் பின் வேட்கையையும் வேட்கைக்குப் பின் பற்றையும் வைக்கிறது. கைப்பேசி 'டிங்' என்றதும் கை தானாக அதை நோக்கிப் போகிறதே, அந்த நொடியில் நடப்பது இதுதான். ஒலி காதில் விழுகிறது. உள்ளே சின்னக் கிளர்ச்சி எழுகிறது. எடுத்துப் பார்த்தே தீர வேண்டும் என்ற உந்துதல் வருகிறது. கிளர்ச்சியைக் கிளர்ச்சியாகவே பார்த்துவிட்டால், எடுப்பதா விடுவதா என்று முடிவுசெய்யச் சற்று இடம் கிடைக்கிறது. சிக்னலில் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கும்போதும், பிள்ளை மதிப்பெண் பட்டியலை நீட்டும்போதும் இதையே செய்து பார்க்கலாம். காசு செலவில்லை, தனி அறையும் தேவையில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1979ஆம் ஆண்டு ஜான் கபட்-சின் இந்த மனக்கவனத்தை ஒரு பயிற்சித் திட்டமாக வகுத்தார். நாள்பட்ட வலியோடு இருந்த நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். இந்தியாவில், பர்மாவிலிருந்து வந்த எஸ்.என். கோயங்கா 1969 முதல் விபாசனா தியான முகாம்களை நடத்தினார். கிரண் பேடி சிறைத் துறைத் தலைவராக இருந்தபோது, 1994ஆம் ஆண்டு திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பத்து நாள் முகாமில் அமர்ந்தார்கள்.

பலன் எவ்வளவு? 47 ஆய்வுகளை ஒன்றாக அலசி 2014ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த மதிப்பீடு, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் தியானப் பயிற்சிகள் ஓரளவு உதவுகின்றன என்றது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2022ஆம் ஆண்டு வெளியானது. வழக்கமான பள்ளிப் பாடத்தைவிட மனக்கவனப் பயிற்சி கூடுதல் பலன் தரவில்லை. ஆகவே, "எல்லா மன நோயும் தீரும், மாத்திரையை விட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவாகவே இருக்க வேண்டும்.

ஆபத்தும் உண்டு என்பதுதான் விளம்பரங்களில் வராத செய்தி. பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜாரெட் லிண்டால், வில்லபி பிரிட்டன் ஆகியோர் குழுவாகச் செய்த ஆய்வு 2017ஆம் ஆண்டு வெளியானது. அவர்கள் சந்தித்த தியானப் பயிற்சியாளர்கள் கடும் அச்சம், தூக்கமின்மை, தன் உடலே தனதல்ல என்ற உணர்வு, பழைய கொடுமைகள் கண்முன் திரும்புவது போன்றவற்றை விவரித்தார்கள். எல்லாருக்கும் இப்படி நேர்வதில்லை. ஆனால் பத்து நாள் பேசாமல், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அமர்வது லேசான காரியமல்ல. அதனால்தான் விபாசனா விண்ணப்பப் படிவம் மனநோய் பற்றியும் உட்கொள்ளும் மருந்து பற்றியும் கேட்கிறது. அங்கே மறைக்காமல் எழுதுங்கள். எங்கே சேர்ந்தாலும், நடத்துபவரின் தகுதி என்ன, அவசரத்துக்கு மருத்துவர் கிடைப்பாரா என்பதை நீங்களும் கேளுங்கள்.

இத்தகைய அறிகுறி தென்பட்டால் பயிற்சியை நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் பதிவதை உணருங்கள், சாப்பிட்டுத் தூங்குங்கள், நெருங்கியவரோடு பேசுங்கள். "அது முன்னேற்றத்தின் அடையாளம், தாண்டி வாருங்கள்" என்று சொல்லும் பயிற்றுநரை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். முகாமிலிருந்து வெளியேறுவது உங்கள் உரிமை. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவின்படி குற்றம். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

சிகிச்சை தேவைப்பட்டால் சட்டமும் துணை நிற்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை 18ஆம் பிரிவில் தருகிறது. நோய் விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமை 23ஆம் பிரிவில் உள்ளது. உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. இழப்பீட்டை மறுத்தால் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

தியானச் செயலிகளில் இழப்பு வேறு வகை. ஒரு வாரம் இலவசம் என்று அட்டை விவரத்தை வாங்கி, பிறகு ஆண்டுச் சந்தாவை எடுத்துக்கொள்வார்கள். ரத்து செய்யும் பொத்தானைத் தேடவே அரை மணி நேரம் ஆகும். 2023ஆம் ஆண்டு நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் இத்தகைய சந்தாப் பொறியை ஏமாற்று உத்தியாக அறிவித்துத் தடை செய்தன. தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை; நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம்.

அலுவலகத்தில் நடக்கும் பயிற்சிக்கு இன்னொரு எச்சரிக்கை. நெருக்கடிக்குக் காரணம் ஆள் பற்றாக்குறையும் முடிவில்லாத வேலை நேரமும் என்றால், ஊழியரை மட்டும் மூச்சைக் கவனிக்கச் சொல்வது அநீதி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என வேலைக்கு வரம்பு வைத்திருக்கிறது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு அதே சட்டத்தைத் திருத்தினார்கள். கடையில் இருக்கை இல்லையென்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம்.